காம்பவுண்ட் வில்லில் மான் வேட்டை: வில் தேர்வும் மாற்றங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று வில் சீசன் தொடங்குகிறது. நவம்பர் 14 வரை ஓடும். நடுவில் துப்பாக்கிக்காரர்களுக்கு வழிவிட்டு, டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடியும் உண்டு. ஆகஸ்ட் பிறந்தாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் நம்ம பசங்கள்தான். ஒரே கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே வெள்ளைவால் மானை மனதில் வைத்துச் சொல்வது. எல்க், கரடி என்று போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

அண்ணா, இந்த வில்லை ஊருக்குக் கொண்டுபோய் அங்கே காட்டுப்பன்றி அடிக்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்குக்கு வேட்டையாட வழியே இல்லை. அதே 1972இல்தான் அமெரிக்காவில் வில், அம்புகள் மீதான 11 சதவீத வரியை வனவிலங்கு நிதிக்குத் திருப்பும் சட்டத் திருத்தம் வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு நாடும் இரண்டு பாதையில் போயின. ஊரில் வில் பிடிக்க ஆசையென்றால் இலக்கு விடும் போட்டிகள் இருக்கின்றன; 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது.

விசாவில் இருக்கிறேன். வில் வாங்கச் சிக்கல் வருமா?

அமெரிக்க மத்திய சட்டத்தில் வில் துப்பாக்கி வகையில் வராது. துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்புல விசாரணை இதற்கு இல்லை. நம்மவர்கள் பலர் வில்லிலேயே தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேட்டை உரிமம் கட்டாயம். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும்.

சாதா வில்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதா வில்லை இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். கடைசிப் புள்ளியில்தான் உச்சம். அங்கேதான் நீங்கள் நிதானமாகக் குறிபார்க்கவும் வேண்டும். மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் இதை மாற்றினார். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். வில்லின் இரு நுனியிலும் மையம் தள்ளிய சக்கரம். அதைத்தான் கேம் என்கிறோம். நாணை இழுக்கும்போது கேம் உருள்கிறது. முதல் பாதியில் கனம் ஏறி, கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். இந்த இறக்கத்துக்கு லெட்-ஆஃப் என்று பெயர். 60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் முழு இழுப்பில் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மான் மரத்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும் ஒரு நிமிடமும் நீங்கள் கை நடுங்காமல் காத்திருக்கலாம்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? வேகமா, பிராண்டா?

இரண்டும் இல்லை. இழுப்பு நீளம்.

சாதா வில்லை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். காம்பவுண்ட் வில் ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்தச் சுவர் உங்கள் உடம்புக்குப் பொருந்தும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே அளக்கலாம்: இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நில்லுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம் என்று யாரையாவது அளக்கச் சொல்லி, அதை 2.5 ஆல் வகுங்கள். 67 அங்குலம் வந்தால் இழுப்பு 26.8, அதாவது ஏறத்தாழ 27 அங்குலம். நம்மவர்களில் நிறையப் பேருக்கு 26க்கும் 28க்கும் நடுவில்தான் வரும். அமெரிக்கக் கடைகளில் ஆணுக்கு 29 என்றே வில்லை மாட்டி வைத்திருப்பார்கள்.

என் முதல் வில்லில் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடையில் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு 28 என்று பூட்டிக் கொடுத்தார்கள். எனக்கு 27 போதும். ஒரு அங்குலம்தானே என்று நினைத்தேன். இரண்டு மாதம் முன்கையில் நாண் அடித்து அடித்து, புளியங்கொம்பால் வாத்தியாரிடம் வாங்கியதுபோல் தடிப்பு. குழு குழுவாக அம்பு இடதுபக்கம் போகும். நான் பாட்டுக்கு சைட்டை (குறிபார்க்கும் ஊசிகள் உள்ள கருவி) நகர்த்திக்கொண்டிருந்தேன். 20 கஜத்தில் நின்ற பெட்டைமான் மேல் அம்பை விட்டேன். அது திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது.

நீளம் கூடிவிட்டதற்கு அடையாளங்கள்: உடம்பு பின்னால் சாயும், வில் பிடித்த கை முழங்கையில் பூட்டிக்கொள்ளும், நாண் மூக்கு நுனியைத் தாண்டிக் கன்னத்துக்குள் போகும். சந்தேகம் இருந்தால் அரை அங்குலம் குறைவாகவே வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், குறி தப்பாது.

எத்தனை பவுண்டு வில் வேண்டும்? 70 இல்லாமல் வேட்டையாடுவது வீண் என்கிறார்களே?

சொல்பவர்களை டிசம்பர் குளிரில் தடிமனான கோட்டுடன் மரத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள்.

சட்டம் கேட்பது மிகக் குறைவு: மின்னசோட்டாவில் 30 பவுண்டு, பென்சில்வேனியாவிலும் கொலராடோவிலும் 35. கூரான முனையும் சரியான அம்பும் இருந்தால் 45–50 பவுண்டிலேயே வெள்ளைவால் மானின் இரு நுரையீரலையும் கடந்து அம்பு வெளியே வரும். பழகிய ஆண்களுக்கு 55–60 தாராளம். உலக அளவிலான இலக்குப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு 60தான் உச்சவரம்பு. அவர்கள் 50 மீட்டரில் பத்து மதிப்பெண் வட்டத்தைக் குத்துகிறார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்காருங்கள், காலிரண்டையும் தரையிலிருந்து தூக்குங்கள், வில்லை இலக்குக்கு நேராக நீட்டி மெதுவாக இழுங்கள். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் கனம் அதிகம். மான் 25 கஜத்தில் நிற்கும்போது அந்தத் தூக்கல் ஒன்றே போதும், அது ஓடிவிடும்.

வில்லின் வளையும் இரு கைகளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினால் கனம் குறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று பவுண்டு. மேலும் கீழும் ஒரே அளவு சுற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டித் தளர்த்தவே கூடாது. பெரும்பாலான வில்களில் இப்படி 10 பவுண்டு வரை இறக்கலாம். 60 பவுண்டு வில்லை 52இல் தொடங்கி, தோள் பழகப் பழக ஏற்றிக்கொள்ளுங்கள்.

வில்லில் நொடிக்கு 340 அடி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உண்மையா?

உண்மைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. அந்த எண் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அளவு) அம்பு என்ற கணக்கில் வந்தது. குறிபார்க்க நாணில் கட்டும் பீப்கூட இருக்காது. உங்கள் 27 அங்குலத்துக்குக் கணக்குப் போடுவோம். இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி போகும், மூன்றுக்கு 30. கனம் 60 என்றால் இன்னொரு 20. அம்பு 412 கிரெயின் என்றால் (கணக்கு கீழே) மறுபடி 20. பீப், டி-லூப் (ரிலீஸ் விசையை மாட்ட நாணில் கட்டும் கயிற்று வளையம்) சேர்ந்து 5. கடைசியில் கையில் நிற்பது சுமார் 265.

அது போதுமா? அம்பின் ஆற்றலைக் கணக்கிட, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240 ஆல் வகுக்க வேண்டும். 64 அடி-பவுண்டு வருகிறது. மானுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 25 முதல் 41. மிச்சமே நிறைய இருக்கிறது.

வேகத்துக்காக அலைகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகும். 30 கஜத்தில், அதாவது 90 அடியில் நிற்கும் மானுக்கு நாண் விட்ட சத்தம் 0.08 நொடியில் போய்ச் சேரும். 265 அடி வேக அம்பு போய்ச் சேர 0.34 நொடி. 300 அடி வேக வில் வாங்கினாலும் 0.30. இரண்டிலும் மானுக்கு கால் நொடிக்கு முன்பின் அவகாசம் கிடைக்கிறது. அதற்குள் அது காலை மடக்கிக் குனிந்து பாயத் தயாராகிவிடும். அம்பு முதுகுக்கு மேலே போவது அதனால்தான். 35 அடி வேகத்துக்குச் செலவழிப்பதைவிட வில்லின் சத்தத்தைக் குறைக்கச் செலவழிப்பது மேல்.

சத்தத்தை எப்படிக் குறைப்பது?

அம்பின் கனம் கூடினாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். அம்புக்குள் போகாத சக்திதான் வில்லில் அதிர்வாகவும் சத்தமாகவும் மிஞ்சுகிறது. மிச்சத்துக்கு நாணில் ரப்பர் மீசைகள், வில்லின் கைகளில் ரப்பர் தடுப்பிகள். பிறகு இருட்டறையில் வில்லைக் குலுக்கிப் பாருங்கள். எங்காவது கிணுகிணுவென்று கேட்டால் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அம்புக்கூடுதான் குற்றவாளி. அம்பைத் தாங்கும் ரெஸ்ட் மேல் அம்பு உரசும் இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள்; அமைதியான காலையில் அந்த உரசல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

எந்தப் பிராண்ட்?

மேத்யூஸ், ஹாய்ட், போடெக், பி.எஸ்.இ., எலீட், பேர் எல்லாமே நல்ல வில்கள்தான். உயர் வகை வில்கள் துணைக்கருவிகள் இல்லாமலே ஆயிரம் டாலரைத் தாண்டும். முதல் வில்லுக்கு அது தேவையில்லை. பேர் க்ரூஸர், டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் மாதிரி வில்களில் இழுப்பு நீளம், கனம் இரண்டையும் பெரிய வீச்சில் மாற்றிக்கொள்ளலாம்; இழுப்பை மாற்ற ஆலன் கீ மட்டும் போதும். உங்கள் வில்லில் மனைவியோ வளரும் பிள்ளையோ பழகவும் அதுதான் வசதி. நல்ல கடை அரை மணி நேரத்தில் இருந்தால் அங்கே எந்தப் பிராண்டைப் பழுது பார்ப்பார்களோ அதையே வாங்குங்கள்.

நீளமான வில்லா, குட்டையா?

மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரையான நீளம் வேட்டை வில்களில் பெரும்பாலும் 28 முதல் 33 அங்குலம். 27 அங்குல இழுப்புக்காரருக்குக் குட்டை வில் நன்றாகவே ஒத்துவரும். உயரமானவர்களுக்குத்தான் நாண் கோணம் கூர்மையாகி மூக்கில் இடிக்கும். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையேயான தூரம் 6 அங்குலத்துக்குக் கீழே போனால் வேகம் கிடைக்கும், கைத்தவறு மன்னிக்கப்படாது. புதியவருக்கு 6.5இலிருந்து 7.

பழைய வில் வாங்கலாமா?

தாராளமாக. வில்லின் கைகள் மேல் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். நார் பிரிந்திருந்தால் பஞ்சு மாட்டும். மாட்டினால் அந்த வில் வேண்டாம். கேம் விளிம்பில் நசுங்கல், நாண் கழன்று விழுந்த தடயம் இருக்கிறதா பாருங்கள். முக்கியமாக, உங்கள் இழுப்பு நீளத்துக்கான மாட்யூல் (கேமில் பூட்டும் துண்டு) இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பத்து வருட வில்லுக்கு மாட்யூல் தேடி அலைவது பழைய ஸ்கூட்டருக்குக் கார்புரேட்டர் தேடுவது போலத்தான். நாண் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் பழசாக இருந்தால் புது நாணின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

துணைக்கருவிகளில் எதை முதலில் மாற்ற?

என் வரிசை: ரிலீஸ், ரெஸ்ட், பீப், சைட். வில் ஆடாமல் இருக்க முன்னால் பூட்டும் ஸ்டெபிலைசர் கடைசி.

ரிலீஸ் என்பது நாணைப் பிடித்து விடும் விசை. உங்கள் கையும் வில்லும் சந்திக்கும் இடம் அதுதான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் ஆள்காட்டி விரல் வகையில் தொடங்கலாம். விசையைத் தட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டால் கட்டைவிரல் வகைக்கு மாறுங்கள்.

ரெஸ்ட்டில் இரண்டு வழி. வட்டமாக நாரால் அம்பைப் பிடித்திருக்கும் விஸ்கர் பிஸ்கெட் எளிமை, பழுதே வராது, ஆனால் அம்பின் இறகு உரசிக்கொண்டு போகும். அம்பு கிளம்பியதும் தாழ்ந்துவிடும் ரெஸ்ட்டில் உரசல் இல்லை. ஆனால் அதன் கயிறு, நேரம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். மரத்தில் ஏறி இறங்கித் தட்டிமுட்டித் திரிகிறவர்களுக்கு முதலாவதைத்தான் சொல்வேன்.

பீப் என்பது நாணில் கட்டிய சிறு துளை. இலக்குத் திடலில் சின்னத் துளை அழகாகத் தெரியும். மான் வருவதோ விடியலிலும் அந்தியிலும். கால் அங்குலத் துளைக்குப் போங்கள். சைட்டில் 20, 30, 40 கஜத்துக்கு மூன்று ஊசி போதும். ஐந்து ஊசி வைத்தவர்கள் பதற்றத்தில் தப்பான ஊசியைப் பார்த்துவிட்டதாக எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

அம்பை எப்படித் தேர்வு செய்வது?

வில்லைவிட அம்பில்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் விறைப்பு. அம்பில் 300, 340, 400, 500 என்று எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த அம்பின் நடுவே 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். எண் குறைந்தால் விறைப்பு கூடும். 60 பவுண்டு, 27 அங்குல அம்பு, 100 கிரெயின் முனை என்றால் 400 பொருந்தும். முனையின் எடையைக் கூட்டினால் அம்பு தளர்ந்ததுபோல் நடக்கும். அப்போது 340 பாருங்கள்.

அடுத்து எடை. அங்குலத்துக்கு 8.6 கிரெயின் குழல் 27 அங்குலத்துக்கு 232. பித்தளைச் செருகு 50, முனை 100, நாணில் மாட்டும் கவை 10, இறகுகள் 20. மொத்தம் 412. பித்தளையைப் போடுவது எடைக்காக மட்டுமில்லை, பாரம் முன்பக்கம் விழுந்தால் அம்பு நேராகப் பறக்கும், எலும்பில் பட்டாலும் தள்ளிக்கொண்டு போகும். வில்லின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே மட்டும் ஒருபோதும் போகாதீர்கள். அது வெற்று நாணை விடுவதற்குச் சமம்.

ஒவ்வொரு முறையும் கார்பன் அம்பை இரு கையாலும் வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடத்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு வில் பிடித்த கையில் ஏறிய படங்களைப் பார்த்தவர்கள் இதைத் தவறவே மாட்டார்கள்.

பிராட்ஹெட் (வேட்டைக்கான கத்தி முனை): நிலையான கத்தியா, விரியும் கத்தியா?

வல்வில் ஓரி விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்பார்கள். நமக்கு ஒரு மானின் இரண்டு நுரையீரல் போதும்.

விரியும் வகை பறக்கும்போது பயிற்சி முனை மாதிரியே போகும், பட்டதும் விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். 55 பவுண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நிலையான கத்திதான் என் தேர்வு. மிச்சிகனில் மானுக்கு முனையின் அகலம் 14/16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பயிற்சிக்கு விட்ட கத்தியோடு வேட்டைக்குப் போகாதீர்கள்; முகம் மழிக்க முடியாத பிளேடு மானுக்கும் ஆகாது.

பயிற்சி முனை நடுவில் குத்துகிறது, பிராட்ஹெட் மட்டும் நாலு அங்குலம் இடதுபக்கம் போகிறது. ஏன்?

வில்லிலிருந்து அம்பு சற்றுக் கோணலாகக் கிளம்புகிறது. பயிற்சி முனையில் பின்னிறகு அதைத் திருத்திவிடும். பிராட்ஹெட்டில் முன்னாலும் இறகு மாதிரி கத்தி இருப்பதால் கோணல் வெளியே தெரிகிறது. சைட்டைத் தொடாதீர்கள்! எல்லோரும் முதலில் செய்யும் தப்பு அதுதான்.

முதலில் ஆறடி தூரத்தில் சட்டத்தில் மாட்டிய தாள் வழியாக அம்பை விடுங்கள். முனை போன துளையும் இறகு போன கிழிசலும் ஒன்றாக இருக்க வேண்டும். இறகு மேலே கிழித்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது நாணில் அம்பு மாட்டும் இடத்தைத் தாழ்த்துங்கள். பிறகு 30 கஜத்தில் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி விடுங்கள். பிராட்ஹெட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். இடதுபக்கம் போகிறதா, ரெஸ்ட்டை வலதுபக்கம். கீழே போகிறதா, ரெஸ்ட்டை மேலே. ஒரு தடவைக்கு 1/32 அங்குலம்தான். இரண்டும் ஒரே இடத்தில் குத்திய பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். அங்கே விதி வேறு, அம்பு போன பக்கமே ஊசியும் போகும்.

எத்தனை நகர்த்தியும் சரியாகவில்லையென்றால் ரெஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா என்று ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அல்லது கைப்பிடியை முறுக்குகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் இருந்தது.

வீட்டில் நாமே செய்யக்கூடியவை எவை?

டி-லூப் கட்டுவது, நாணுக்கு மெழுகு தேய்ப்பது, ரெஸ்ட், சைட் பூட்டுவது, கையேட்டில் சொன்ன அளவில் கனம் மாற்றுவது. நாண் மாற்றுவது, பீப் செருகுவது, கேமைக் கழற்றுவது எல்லாம் வில்லை அழுத்திப் பிடிக்கும் இயந்திரமான ‘வில் அழுத்தி’ இருக்கும் கடையில். அழுத்தி இல்லாமல் நாணைக் கழற்ற முயல்வது கேஸ் சிலிண்டரோடு விளையாடுவதற்குச் சமம். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது. நண்பர்கள் "ஒரு தடவை இழுத்துப் பாக்குறேன் மச்சான்" என்று கேட்கும்போதுதான் பெரும்பாலும் அது நடக்கும்.

எத்தனை கஜம் வரை விடலாம்?

மானின் இதய நுரையீரல் பகுதி எட்டிலிருந்து பத்து அங்குல வட்டம். வேட்டை உடையில், உட்கார்ந்தபடி, ஓடி வந்து மூச்சு வாங்கும்போது, ஒரு சாப்பாட்டுத் தட்டில் ஐந்துக்கு ஐந்து அம்பும் எத்தனை கஜத்தில் விழுகிறதோ அதுவரை. எனக்கு 30. திடலில் 60 கஜத்தில் குத்துவேன், அது வேறு கணக்கு.

சீசனுக்கு முன் தினமும் எத்தனை அம்பு பழக வேண்டும்?

ஜூலையில் நாற்பது ஐம்பது விடுங்கள். செப்டம்பர் வந்ததும் காலையில் ஆபீஸ் கிளம்புமுன் ஒரே ஒரு அம்பு. உடம்பைச் சூடாக்கிக்கொள்ளாமல், முதல் அம்பாக, பிராட்ஹெட் மாட்டி. எங்கே குத்தியது என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு வேலைக்குப் போங்கள்.